முதுகில் வைத்து எழுதிய பாட்டு

நியூ ஹேவன்
9 செப்டம்பர் 1979

மதிப்பிற்குரிய திரு. நெட் அமெண்ட் அவர்களுக்கு,

பயப்படாதே, உன் அக்கா கன்செட்டாதான் எழுதுகிறேன். பத்திரிகையில் உன் பெயரை அப்படித்தானே போட்டிருக்கிறாய்? அமெண்டோலா என்கிற பெயரின் வாலை எந்தக் கத்தியால் நறுக்கினாய் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா இருந்திருந்தால் உன் காதையும் சேர்த்து நறுக்கியிருப்பார்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் நம் ஊர் நூலகத்தில் ஒரு கண்காட்சி. நியூயார்க் போவதற்கு முன்னால் இங்கே மேடையேறிய நாடகங்களின் பாட்டுகள், அவற்றை எழுதியவர்கள் பற்றியது. என் அழகு நிலையத்தின் சுவர் முழுவதையும் அப்படியே பெயர்த்து அங்கே கொண்டுபோகிறார்கள். முப்பது வருஷம் தியேட்டர் பின்வாசலில் நின்று நான் சேர்த்த கையெழுத்துகள் எல்லாம் கண்ணாடிக்குள் போகப் போகின்றன. நடுநாயகமாக லையல் பென்ஃபீல்டின் பாட்டுத்தாள். 'விளக்கை அணைக்காதே மேபெல்' அச்சிட்ட தாளின் அட்டையில் அவருடைய கையெழுத்து, அதற்குக் கீழே அந்தப் பாட்டின் முதல் வரி ஸ்வரக் குறிப்பாக, அவர் கையாலேயே. உனக்குத் தெரியாததா?

நேற்று நூலகத்து மிஸ் ஹாலிஸ்டர் கையெழுத்துச் சேகரிப்போர் சங்கத்தின் பத்திரிகையோடு வந்தாள். நான் ஒரு வாடிக்கையாளர் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன்.

"கலிபோர்னியாவுல நெட் அமெண்ட்னு ஒரு பெரிய நிபுணர் இருக்காராம். பென்ஃபீல்ட் கையெழுத்துக்குக் கீழ மியூசிக் நோட்ஸ் இருந்தா அது அவர் எழுதினது இல்லன்னு அடிச்சுச் சொல்றாரு. உங்களோடதுலயும் நோட்ஸ் இருக்கே மேடம்?" என்றாள்.

அந்த நிபுணருக்கு மூக்குச் சிந்திவிட்டதே நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. வாடிக்கையாளர் இருந்ததால் அடக்கிக்கொண்டேன். இது நிஜம் என்று அந்த நிபுணரிடமிருந்து ஒரு வரி எழுதி வாங்கித் தந்தால் நடுவில் மாட்டுவாளாம், இல்லாவிட்டால் மாட்டமாட்டாளாம். எனக்கு வந்த கோபத்தில் சாயக் கிண்ணம் கையிலிருந்து நழுவிவிட்டது.

ஒரு வரி எழுதி அனுப்பு. அது எங்கே, எப்படி எழுதப்பட்டது என்று உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவன் நீ.

உன் அக்கா,
கன்செட்டா அமெண்டோலா (முழுப் பெயர்)

*

லாஸ் ஏஞ்சலஸ்
17 செப்டம்பர் 1979

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெயரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஹாலிவுட்டில் என் கையெழுத்து விற்பனைக் கடைக்கு 'அமெண்டோலா' என்று பலகை மாட்டியபோது உள்ளே வந்தவர்களில் பாதிப் பேர் இத்தாலிய மளிகைக் கடை என்று நினைத்து ஆலிவ் எண்ணெய் கேட்டார்கள். பலகையை மாற்றினேன். அவ்வளவுதான்.

பென்ஃபீல்ட் விஷயத்தில் நான் விளையாட்டாக எதுவும் எழுதவில்லை. அவருடைய மெட்டுகளைத் தாளில் எழுதித் தந்துகொண்டிருந்த ஆஸ்கர் டில்மன் சாகுமுன் தன் வாழ்க்கைக் கதையை எழுதி வைத்திருந்தார். போன வருஷம் அது புத்தகமாக வந்தது. பென்ஃபீல்டுக்கு ஸ்வரக் குறிப்பு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது என்பதை டில்மன் அதில் உடைத்துவிட்டார். எல்லாம் காதால் கேட்டு வாசித்ததுதான். ரசிகர்களுக்குக் கொடுத்த தாள்களில் கையெழுத்து மட்டும் பென்ஃபீல்டுடையது, கீழே உள்ள ஸ்வரமெல்லாம் டில்மன் எழுதியது. என் கடையில் இருந்தவற்றையே எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அத்தனையும் டில்மன் கைதான். ஜன்னலில் பெருமையாக வைத்திருந்ததையெல்லாம் நானே இறக்கினேன்.

என் தொழிலில் சரக்கு என்பது என் சொல் மட்டும்தான். அக்காவுக்கு ஒரு சொல், ஊருக்கு ஒரு சொல் என்று வைத்துக்கொள்ள முடியாது.

அன்றைக்கு நான் அங்கே இருந்தேன் என்பது உண்மை. ஆனால் எனக்குப் பதினோரு வயது. குனிந்து நின்றேன். நான் பார்த்தது தேங்கிய மழைத் தண்ணீரும் இரண்டு ஜோடி ஷூக்களும்தான். ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு. மேலே பேனா யார் கையில் இருந்தது என்று நான் எப்படிச் சொல்வேன்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

நெட்

*

நியூ ஹேவன்
22 செப்டம்பர் 1979

நுன்ஸியோ,

நெட் என்று கையெழுத்துப் போட்டு எனக்குக் கடிதம் எழுதாதே. யாரோ மின்சார வாரியத்திலிருந்து எழுதியது போல இருக்கிறது.

நீ பார்க்கவில்லை என்றால் பார்த்தவள் சொல்கிறேன், கேள். புதன்கிழமை மதிய ஆட்டம். வாசலில் நின்ற கூட்டம் முழுக்க நடிகையைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அவள் வேண்டாம். அவள் பாடிய பாட்டுக்கு யார் மெட்டுப் போட்டானோ அவன் வேண்டும். பதினேழு வயதில் அந்தத் தெளிவு எனக்கு இருந்தது, அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். சுவரோரமாக நனைந்த தொப்பியோடு நின்றவரிடம் நேராகப் போனேன்.

"நீங்கதானே மிஸ்டர் பென்ஃபீல்ட்?"

"யாரும்மா சொன்னா?"

"யாரும் சொல்லல. பாட்டு வந்தப்போ எல்லாரும் மேடையைப் பார்த்தாங்க. கடைசி வரிசைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு நீங்க மட்டும் ஜனங்க மூஞ்சியைப் பார்த்தீங்க."

அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. உடனே கையெழுத்துப் போட்டார். விடுவேனா நான்? பாட்டுப் போட்டவர்களிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு வருகிறவன் சேகரிப்பாளனே இல்லை, கீழே ஒரு வரி ஸ்வரமும் வாங்கினால்தான் மதிப்பு என்று நமக்குத் தெரியாதா?

"முதல் வரியை நோட்ஸா எழுதிக் குடுங்க சார்" என்றேன்.

பக்கத்தில் பழுப்பு ஷூவோடு நின்ற உன் டில்மன், "குடும்மா, நான் எழுதித் தர்றேன்" என்று கையை நீட்டினான்.

"நீங்க யாருங்க? பாட்டுப் போட்டவர் கையாலதான் எனக்கு வேணும்" என்றேன்.

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. மழையில் சளி பிடித்துவிட்டது போல என்று நினைத்தேன். பென்ஃபீல்ட் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். "பொண்ணு கேக்கறது நியாயம்தான் ஆஸ்கர்" என்றார். பிறகு உன்னைப் பார்த்து, "தம்பி, உன் முதுகு காலியா இருக்கா?" என்று கேட்டார்.

நீ குனிந்தாய். அவர் எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு எழுதினார். நீ, "அக்கா, இடுப்பு வலிக்குது" என்று முனகினாய். "ஆடாதடா, பாட்டும் சேர்ந்து ஆடிரும்" என்றார். வீட்டுக்கு வந்தால் உன் வெள்ளைச் சட்டையின் முதுகில், கால்சட்டையைத் தோளோடு பிடிக்கும் வார்ப்பட்டைக்குப் பக்கத்தில், நீல மைப் பொட்டு. அம்மா என்ன சோப்புப் போட்டும் போகவில்லை. திட்டு வாங்கியது நீயா, டில்மனா?

இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்தேன். இறந்துபோன ஒருவன் எழுதிய புத்தகத்தை நம்புவாய், உயிரோடு இருக்கிற அக்காவை நம்பமாட்டாயா?

கன்செட்டா

*

லாஸ் ஏஞ்சலஸ்
1 அக்டோபர் 1979

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பொய் சொல்கிறாய் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. ஆனால் என் கடைக்குத் தினமும் யாராவது வந்து, "என் கண் எதிர்லதான் சார் போட்டார்" என்று சத்தியம் செய்கிறார்கள். அவர்களும் பொய்யர்கள் அல்ல. ஆசையாகக் காத்து நின்றவர்களின் கண் அப்படித்தான் பார்க்கும். எழுதத் தெரியாத மனிதர் எழுதினார் என்று நான் எப்படிச் சான்று தருவது?

ஒரு வழி சொல்கிறேன். கையெழுத்து நிஜமானது, அதற்கு நான் சான்று தருகிறேன். சட்டத்துக்குள் தாளைச் சுற்றி வைக்கும் ஓர அட்டையைக் கொஞ்சம் அகலமாக வெட்டச் சொல். ஸ்வரம் இருக்கும் பகுதி மறைந்துவிடும். யாரும் கேட்கமாட்டார்கள். எங்கள் தொழிலில் வழக்கமாகச் செய்வதுதான். உன் மரியாதைக்கும் குறைவில்லை.

சான்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

நுன்ஸியோ

*

நியூ ஹேவன்
5 அக்டோபர் 1979

மறைக்கமாட்டேன்.

உன் சான்றைக் கிழித்துவிட்டேன். மிஸ் ஹாலிஸ்டரிடம் போய், "இதுக்கு நான்தான் சான்று. என் பேரைப் போட்டு எழுதி மாட்டுங்க" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், சரியென்றுவிட்டாள். நடுவில்தான் மாட்டுகிறார்கள், முழுதாக, ஸ்வரத்தோடு. 14ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. பியானோ வாடகைக்கு எடுத்தாயிற்று. நீ வரவேண்டாம்.

க. அ.

*

நியூ ஹேவன்
15 அக்டோபர் 1979

நுன்ஸியோ,

உனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். வேறு யாராவது சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

நேற்று கூடம் நிறைந்திருந்தது. நம் வூஸ்டர் தெருவிலிருந்து பாதிப் பேர் வந்திருந்தார்கள். மேயரின் மனைவி வந்திருந்தாள், அவளுக்குத் தலை அலங்காரம் நான் செய்ததுதான். நீல உடை போட்டுக்கொண்டு நான் நடுவில் நின்றேன். என் பெயர் தாளுக்குக் கீழே பெரிய எழுத்தில் இருந்தது. நம் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் டூலி ஒவ்வொரு பாட்டாக வாசித்தார். மேபெல் பாட்டுக்கு வந்தபோது எனக்குள் இருந்த கர்வம் சும்மா இருக்கவில்லை.

"மிஸ்டர் டூலி, அச்சுப் புத்தகத்தைப் பார்க்காதீங்க. பென்ஃபீல்ட் கைப்பட எழுதினது இங்க இருக்கு. அதைப் பார்த்து வாசிங்க" என்றேன். நானே சட்டத்தைக் கழற்றி பியானோமேல் வைத்தேன்.

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். கையை வைத்தார். பூனை பியானோமேல் நடந்தால் என்ன சத்தம் வருமோ அது வந்தது. ஜனங்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர் நிறுத்திவிட்டு இன்னொரு முறை முயன்றார். அது இன்னும் மோசம்.

"என்ன டூலி, கை நடுங்குதா?" என்று கேட்டேன்.

அவர் என்னை அருகில் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். "கன்செட்டா, கோபப்படாத. எல்லாரும் அஞ்சு கோடு போட்டு அதுமேலதான் நோட்ஸ் எழுதுவாங்க. இதுல ஆறு கோடு இருக்கு. மேல் கோட்டை விட்டுட்டு வாசிச்சேன், பாட்டு வரல. கீழ் கோட்டை விட்டுட்டு வாசிச்சேன், அப்பவும் வரல. நோட்ஸோட வாலெல்லாம் தப்புப் பக்கம் நிக்குது. இது மேபெல் பாட்டு இல்ல. எந்தப் பாட்டும் இல்ல."

ஆறு கோடு, நுன்ஸியோ. இத்தனை வருஷம் அதற்குக் கீழே நின்று ஊருக்கெல்லாம் முடி வெட்டியிருக்கிறேன். வருகிற போகிறவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறேன். எண்ணிப் பார்க்கவில்லை. எனக்கு நோட்ஸ் படிக்கத் தெரிந்திருந்தால்தானே? பெரிய பெரிய சேகரிப்பாளர்கள் வந்து பார்த்து ஆகா என்றிருக்கிறார்கள். அவர்களுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

சட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். தலையைக் குனியவில்லை. காருக்குள் உட்கார்ந்த பிறகுதான் அழுதேன். இப்போது அது துணி அலமாரிக்குள், சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. கண்காட்சிச் சுவர் நடுவில் வெறும் ஆணி.

நீதான் ஜெயித்தாய். ஆனால் அன்றைக்கு அந்த வாசலில் நான் பார்த்தது யாரை?

கன்செட்டா

*

லாஸ் ஏஞ்சலஸ்
26 அக்டோபர் 1979

அக்கா,

கடிதம் கிடைத்த நிமிஷமே தொலைபேசியில் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிட்டேன், மறுபடி வைத்தாய். அதனால் மிஸ் ஹாலிஸ்டருக்குத் தந்தி அடித்தேன். விழாவில் எடுத்த புகைப்படங்களில் அந்தத் தாள் தெளிவாக விழுந்திருந்ததை அவள் அனுப்பினாள். இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. இந்தக் கடிதத்தையாவது கீழே வைத்துவிடாதே, கடைசிவரை படி.

முதலில் அந்தத் தாளை அலமாரியிலிருந்து எடு.

ஆறு கோடு என்று படித்தவுடனே நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். நீயே யோசித்துப் பார். டில்மன் வாழ்நாள் முழுக்க ஸ்வரம் எழுதியே சாப்பிட்டவர். அவரைத் தூக்கத்தில் எழுப்பி எழுதச் சொன்னாலும் ஐந்து கோடுதான் போடுவார். போலிக் கையெழுத்துப் போடுகிறவனாக இருந்தால் அவனுக்கு இன்னும் சுலபம். தாளைத் திறந்தால் உள்ளேயே சரியான ஸ்வரம் அச்சில் இருக்கிறது, பார்த்து எழுதிவிடுவான். ஆறு கோடு போட்டு, அதன்மேல் மனம்போன இடத்தில் முட்டை முட்டையாக வைத்து, வாலைத் தப்புப் பக்கம் இழுக்க ஒரே ஓர் ஆளால்தான் முடியும். நோட்ஸ் எழுதத் தெரியாத, ஆனால் கேட்ட பெண்ணை ஏமாற்ற மனமில்லாத ஆள்.

உள்ளே திறந்து பார்த்து எழுதியிருக்கலாம். ஊருக்கே பாட்டுக் கொடுத்தவர் ஒரு பெண் முன்னால் தன் பாட்டையே பார்த்து எழுத வெட்கப்பட்டிருப்பார். "பாட்டுப் போட்டவர் கையாலதான் வேணும்" என்று சொல்லிவிட்டாயே! டில்மனின் தோள் ஏன் குலுங்கியது என்று இப்போது தெரிகிறதா? அவருக்குச் சளி இல்லை அக்கா. சிரிப்பு.

இன்னொன்று. நாலாவது முட்டைக்கு நடுவில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது, பார்த்திருப்பாய். பேனா முனை தாளைக் குத்தி இறங்கிய இடம். அதற்குக் கீழே மேஜை இருந்திருந்தால் அப்படி இறங்காது. கீழே இருந்தது என் வார்ப்பட்டையின் ஓரம். அந்தக் குத்து எனக்கு ஞாபகம் இருக்கிறது. அம்மாவிடம் வாங்கிய திட்டும் ஞாபகம் இருக்கிறது.

என் கைக்கு வந்த மற்ற பென்ஃபீல்ட் தாள் எல்லாவற்றிலும் ஸ்வரம் டில்மனுடையது. சரியான ஸ்வரம், தவறான கை. நான் அறிந்தவரையில் அவரே தன் கையால் எழுதிய ஸ்வரம் இந்த ஒன்றுதான். அதை வாங்கியது பதினேழு வயதில் என் அக்கா, வாங்கியே தீருவேன் என்று பிடிவாதமாக நின்று. உன் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. நான்தான் புத்தகத்தைப் படித்துவிட்டு தாளைப் படிக்காமல் விட்டேன்.

நேற்றைக்குக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் புகைப்படத்தைக் காட்டினேன். ஒருவர், "யாருங்க அந்தக் கன்செட்டா அமெண்டோலா, பெரிய சேகரிப்பாளரா?" என்று கேட்டார். "எங்க அக்கா" என்றேன். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து இவ்வளவு கர்வமாக நான் எதையும் சொன்னதில்லை.

பத்திரிகைக்குத் திருத்தம் எழுதி அனுப்பிவிட்டேன், உன் தாளின் படத்தோடு முதல் பக்கத்தில் போடுகிறார்களாம். கீழே கையெழுத்து நுன்ஸியோ அமெண்டோலா. யாராவது ஆலிவ் எண்ணெய் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

உன் தம்பி,
நுன்ஸியோ

*

நியூ ஹேவன்
6 நவம்பர் 1979

என் கண்ணு நுன்ஸியோவுக்கு,

உன் கடிதத்தை அழகு நிலையத்தில் வைத்துச் சத்தமாகப் படித்தேன். தலைக்குச் சூடு ஏற்றும் இயந்திரத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்குக் காதில் விழவில்லை என்று அதை நிறுத்திவிட்டு மறுபடி படித்தேன். ஒருத்திக்கு முடி சரியாகச் சுருளவில்லை.

பிறகு தாளை எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு நடந்தே போனேன். காரில் போனால் யார் பார்ப்பார்கள்? வூஸ்டர் தெரு வழியாக, கையில் முன்பக்கம் தெரியும்படி பிடித்துக்கொண்டு போனேன். பிட்சா கடை வாசலில் நின்றவன், "என்ன கன்செட்டா, ஊர்வலமா?" என்று கேட்டான். "ஆமா, தொப்பியைக் கழட்டு" என்றேன். கழற்றினான்.

மிஸ் ஹாலிஸ்டர் உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆறு கோட்டையும் விரலால் எண்ணிப் பார்த்தாள். "அந்த நிபுணர் உங்க தம்பியா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்றாள்.

"அவன் முதல்ல மேஜையா இருந்தான். நிபுணர் ஆனது அப்புறம்தான்" என்றேன்.

சனிக்கிழமை மறுபடி எல்லோரையும் கூப்பிட்டோம். போன தடவை சிரித்தவர்கள் கட்டாயம் வரவேண்டும் என்று நானே வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தேன். டூலி முதலில் மேபெல் பாட்டை ஒழுங்காக வாசித்தார். பிறகு எழுந்து நின்று, "இப்ப, பென்ஃபீல்ட் தன் கையாலயே எழுதினது" என்றார். உட்கார்ந்து, ஆறு கோட்டில் ஒன்றைக்கூட விடாமல், அந்தப் பூனை நடையை வாசித்தார். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள், மேயரின் மனைவி உட்பட. எனக்கு அந்தப் பாட்டு இப்போது பிடித்துப்போய்விட்டது. தெரியாத ஒன்றை எனக்காக நின்று செய்து பார்த்த மனிதர் அதில் இருக்கிறார். தலைக்குச் சோப்புப் போடும்போதெல்லாம் அதைத்தான் முணுமுணுக்கிறேன், வாடிக்கையாளர்கள்தான் பாவம்.

நடுவில் இருந்த ஆணியில் மறுபடி மாட்டியாகிவிட்டது. கீழே வைக்கும் குறிப்பை மிஸ் ஹாலிஸ்டர் நீளமாக எழுதி வந்தாள். அதை வாங்கி அடித்துவிட்டு நான் எழுதிக் கொடுத்தேன். இப்போது இப்படி இருக்கிறது:

'எழுதியவர் லையல் பென்ஃபீல்ட், தன் கையாலேயே. கேட்டு வாங்கியவர் கன்செட்டா அமெண்டோலா. எழுதுபலகை, நுன்ஸியோ அமெண்டோலாவின் முதுகு.'

கண்காட்சி கிறிஸ்துமஸ் வரை இருக்கும். இந்த மாதக் கடைசியில் வரும் நன்றி நாள் விருந்துக்கு வான்கோழியைப் பார்சலில் அனுப்பாமல் நீயே புறப்பட்டு வா. அன்றைக்கு நீ குனிந்து நின்றாய், ஒன்றும் பார்க்கவில்லை. இந்தத் தடவை நிமிர்ந்து நின்று பார்.

உன் அக்கா,
கன்செட்டா